கேள்விக்கு முன்னால் வந்த பதில்

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை சபையில் எழுந்து நின்று இங்கிலீஷ் பேசினேன். பேசியதில் பிழை எதுவும் இல்லை. வினையே அதுதான்.

என் தொழில் டிராக்டர். சொந்த வண்டி. திருவிடைமருதூர் சுற்று வட்டாரத்தில் யார் கூப்பிட்டாலும் போய் உழுவேன். மகள் கலைச்செல்வி இங்கிலீஷ் எடுத்துப் படித்து, பி.எட்.டும் முடித்தவள். எங்கள் வகையறாவில் முதல் ஆள். (நான் பீற்றிக்கொள்வதில்லை. கேட்டால் சொல்வேன். கேட்காவிட்டால் கொஞ்ச நேரம் பொறுத்துச் சொல்வேன்.)

படிப்பில் அவளுக்குக் குறை இல்லை. நாலு பெரியவர்கள் முன்னால் நின்றால் குரல் உள்ளே போய்விடும். ஐந்து பள்ளிக்கூடங்களில் மாதிரி வகுப்பு எடுத்துக் காட்டினாள். ஐந்திலும் இல்லை என்றார்கள். ஆறாவதாகக் கும்பகோணம் பக்கம் ஒரு பள்ளியில் கூப்பிட்டார்கள்.

"இதுவும் இல்லன்னா துணிக்கடையில பில்லு போடப் போயிடுறேன்" என்றாள்.

சாந்தி, என் மனைவி, சாமி விளக்கை ஏற்றப் போனாள்.

பாடத்தை அவர்களே போனில் சொல்லியிருந்தார்கள். 'ஆஸ் இஃப்'. அதற்கு முன்னால் எந்தெந்தச் சொல் வந்து சேரும் என்று நடத்திக் காட்ட வேண்டும். பழகிப் பார்க்க அவளுக்கு ஒரு மாணவன் தேவைப்பட்டான். வீட்டில் கிடைத்தது நான்தான். நாலு நாள், சாயங்காலம் உழவு முடிந்து வந்ததும் கால் சேற்றைக் கழுவிவிட்டு உர மூட்டையில் உட்கார்ந்தேன். டிரெய்லர் கதவுதான் கரும்பலகை.

"இல்லாததை இருக்குற மாதிரி சொல்றதுப்பா ஆஸ் இஃப். நம்ம ராசு சித்தப்பா மிராசுதார் மாதிரி நடக்குறாருல்ல?"

"அவனுக்கு அரை மா நிலம்தான்."

"அதான்ப்பா. அந்த 'மாதிரி'தான் ஆஸ் இஃப். அப்படியே மிராசுதார் மாதிரின்னா ஜஸ்ட் ஆஸ் இஃப். கிட்டத்தட்டன்னா ஆல்மோஸ்ட் ஆஸ் இஃப். அச்சு அசலான்னா எக்ஸாக்ட்லி ஆஸ் இஃப்."

"வெரி போடலாமா?" எனக்குத் தெரிந்த சொல் அது ஒன்று.

"அது இங்க சேராதுப்பா."

சேற்று உழவுக்குச் சக்கரத்தில் கேஜ்வீல் மாட்டுவோம். இரும்புக் கூண்டு. என் வண்டிக்கானது மச்சான் வண்டியில் ஏறாது. "அந்த மாதிரியா?" என்றேன்.

கலை டிரெய்லர் கதவில் 'கேஜ்வீல்' என்று எழுதினாள். "அதேதான்ப்பா" என்றாள். அன்றைக்கு எனக்குச் சோறு கூடுதலாக இறங்கியது.

அவளிடம் நாலு கேள்வி. என்னிடம் நாலு பதில். ஜஸ்ட் ஆஸ் இஃப். ஆல்மோஸ்ட் ஆஸ் இஃப். எக்ஸாக்ட்லி ஆஸ் இஃப். நாலாவது, வெரி வருமா என்று கேட்பாள், நோ மிஸ். வரிசை மாறாமல் மனப்பாடம். வயலில் சுற்றும்போதும் சொல்லிக்கொண்டே சுற்றினேன். ஒரு வரப்பை வெட்டிவிட்டேன். வரப்புக்காரர் கேட்டதற்கும் நோ மிஸ் என்றுதான் வாயில் வந்தது.

மாதிரி வகுப்பு அன்று, சம்பா உழவுக்கு ஆள் மேல் ஆள் கூப்பிட்டும் வண்டியை நிறுத்திவிட்டுத் துணைக்குப் போனேன். பள்ளிக்குக் காலாண்டு விடுமுறை. பிள்ளைகள் இல்லை. மூன்று பேர் வந்திருந்தார்கள், ஒரு வேலைக்கு. தாளாளர் வயதானவர். தலைமை ஆசிரியை கண்ணாடிக்கு மேலே பார்ப்பவர். "கூட வந்தவங்கள்லாம் பெஞ்சுல உக்காருங்க. நீங்கதான் இன்னிக்கு ஸ்டூடன்ட்ஸ்" என்றார் அந்த அம்மா.

எனக்கு நெஞ்சு விம்மியது. பாடம் தெரிந்த ஒரே மாணவன் நான்.

மூன்றாம் வகுப்புப் பெஞ்சு, கடைசி வரிசை. முழங்காலை மடக்கி உள்ளே விட்டேன். மாட்டிக்கொண்டது. பக்கத்தில் இன்னொரு பெண்ணின் கணவர்.

கலை பலகையில் தலைப்பை எழுதினாள். சாக்பீஸ் உடைந்தது. திரும்பினாள். வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. தலைமை ஆசிரியை கடிகாரத்தைப் பார்த்தார்.

வண்டி நின்றுவிட்டது என்று நினைத்தேன். நின்ற வண்டியைத் தள்ள வேண்டும். எழுந்தேன். பெஞ்சும் என்னோடு கொஞ்சம் எழுந்தது.

"ஜஸ்ட் ஆஸ் இஃப், மிஸ்!"

கலை திகைத்துப் பார்த்தாள். பதில் போதவில்லை போலிருக்கிறது என்று அடுத்ததையும் சொன்னேன்.

"ஆல்மோஸ்ட் ஆஸ் இஃப், மிஸ்! எக்ஸாக்ட்லி ஆஸ் இஃப், மிஸ்!"

வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அதற்கும் என்னிடம் பதில் இருந்தது.

"நோ மிஸ்!"

உட்கார்ந்தேன். தலைக்கு மேலே மின்விசிறி நின்று நின்று சுற்றியது.

பக்கத்துக்காரர் குனிந்து, "கேள்வி என்னங்க?" என்றார்.

"இனிமேதான் கேப்பாங்க" என்றேன்.

தலைமை ஆசிரியை பேனாவை மூடினார். "நீங்க யாருங்க?"

"டிராக்டர்ங்க."

"இந்தப் பொண்ணுக்கு யாரு?"

"அப்பாங்க."

"ஏம்மா, அப்பாவை மனப்பாடம் பண்ண வச்சுக் கூட்டிட்டு வந்தியா?"

கலையின் முகம் சிவந்தது. துணிக்கடை என் கண்முன் வந்தது. எழுந்து ஓடிப் போயிருக்கலாம். பெஞ்சிலிருந்து கால்தான் வரவில்லையே.

அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது. என் மகள் குரல். ஆனால் அதற்கு முன் நான் கேட்டதில்லை.

"பின் பெஞ்சு! இந்தக் கிளாஸ்ல கேள்வி முதல்ல, பதில் அப்புறம். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது மிஸ்" என்றேன். நிஜமாகவே பயந்துவிட்டேன். தாளாளர் சிரித்துவிட்டார்.

கலை பலகையை முழுதாக அழித்தாள். பழகி வைத்த நாலு கேள்வியும் அதோடு போயிற்று. மின்விசிறியைக் காட்டினாள். "இது சுத்துதா, கிட்டத்தட்டச் சுத்துற மாதிரியா?" என்னைக் காட்டினாள். "இவர் உக்காந்திருக்காரா, அப்படியே கட்டிப்போட்ட மாதிரியா?" மற்றவர்கள் போட்டி போட்டுப் பதில் சொன்னார்கள். பக்கத்துக்காரர் இரண்டு சொன்னார். என் கேஜ்வீலையும் சொல்லித்தான் வெரியைத் தள்ளினாள். எனக்கு ஒன்றும் வரவில்லை. வரிசை குலைந்த பிறகு நான் வெறும் ஆள்.

தாளாளர் கையைத் தூக்கினார். "அப்பா ஒண்ணு சொல்லட்டும்மா. மனப்பாடம் இல்லாததா."

கலை என் பெஞ்சு பக்கத்தில் வந்து நின்றாள். "அவசரம் இல்ல. நீங்க பாத்ததைச் சொல்லுங்க" என்றாள். தலைமை ஆசிரியை மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். இவள் பார்க்கவில்லை. காத்திருந்தாள். அவ்வளவு நேரம் எனக்காக எந்த வாத்தியாரும் காத்திருந்ததில்லை. காத்திருந்திருந்தால் ஆறாம் வகுப்புப் போயிருப்பேன்.

"ரிவர் வாட்டர் கம்" என்றேன். "ஆல் பீப்பிள் ரன்." ஆற்றில் முதல் தண்ணீர் வரும்போது ஊரே பூவோடு ஓடும். அதை எப்படிச் சொல்வது? "ஜஸ்ட் ஆஸ் இஃப்... மாப்பிள்ளை கம்."

"இங்கிலீஷ்ல இன்னும் கொஞ்சம் வேலை இருக்கு" என்றாள் என் மகள், ஈவு இரக்கம் இல்லாமல். "ஆனா ஆஸ் இஃப் சரியா உக்காந்துருச்சு. குட்."

எனக்குக் கிடைத்த ஒரே குட் அது.

"எங்க ஊர்லயும் அப்படித்தான் ஓடுவோம்" என்றார் தாளாளர்.

சாயங்காலம் வரை காத்திருந்தோம்; உள்ளே கூப்பிட்டுச் சொன்னார்கள். தலைமை ஆசிரியைதான் சொன்னார். "திங்கக்கிழமை வந்து சேருங்க. ஒரு கண்டிஷன். அப்பா வீட்லயே இருக்கணும்."

பஸ்ஸில் கலை எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தாள். பிறகு, "ஏம்ப்பா எழுந்திரிச்சீங்க?" என்றாள்.

"வண்டி நின்னுருச்சு. தள்ளிவிட்டேன்."

"நிக்கலப்பா. கியர் மாத்திக்கிட்டிருந்தேன்."



மூன்று வருடம் ஆகிறது. வீட்டில் நான் வாயைத் திறந்தால் சாந்தி, "இருங்க, இன்னும் கேள்வியே கேக்கல" என்பாள். சொந்தக்காரர் எல்லாருக்கும் தெரியும். கல்யாண வீடுகளில் என்னைப் பார்த்ததும் "நோ மிஸ்" என்கிறார்கள். நான் சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவேன்.

போன மாதம் கும்பகோணத்தில் வண்டிக்குப் பேரிங் வாங்கிக்கொண்டு டவுன் பஸ்ஸில் வந்தேன். பின் சீட்டில் இரண்டு சிறுமிகள். கலையின் பள்ளிச் சீருடை. ஒருத்தி புத்தகத்தை வைத்துக் கேள்வி கேட்டாள். முடிப்பதற்குள் மற்றவள் பதில் சொன்னாள்.

"ஏய், 'அப்பா பதில்' சொல்லாத!"

"யாருடி அந்த அப்பா?"

"தெரியல. கலை மிஸ் சொல்லுவாங்க. கேள்விக்கு முன்னாடி வந்தா அது அப்பா பதிலாம். தப்பா இருக்காதாம், ஆனா உக்காரச் சொல்லிடுவாங்களாம்."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. நான்தான் அது என்று சொல்லவும் இல்லை. பேரிங்கை மடியில் வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தேன். எங்கள் ஊர் நிறுத்தம் வந்து போய்விட்டது. திருவிடைமருதூர் வரை போய், திரும்பி நடந்தேன்.