சொட்டுமருந்தும் என் புகைப்புரையும்

ஈரமான எதையும் புகைப்புரையில், அதாவது புகைபோட்டு உலர்த்தும் கொட்டிலில், வைத்தால் காய்ந்துவிடும் என்று நம்பி, மழையில் நனைந்த மின்சார ஸ்கூட்டரின் பேட்டரியைக் கழற்றி, அங்கே புகையில் காய்ந்துகொண்டிருந்த ரப்பர் ஷீட்டுகளுக்கு நடுவே வைத்தவன் நான். இரண்டு பட்டம் வாங்கியவன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பாறசாலைப் பக்கம் கொப்பரையும் நனைந்த செருப்பும்கூட அங்கேதான் காயும். பேட்டரி மட்டும் என்ன பாவம் செய்தது?

இதை எழுதும்போது என் குடும்பம் மிஞ்சியிருப்பதற்குக் காரணம், சொட்டுமருந்து என்று ஊர் அழைக்கும் பக்கத்து வீட்டுக்காரர். இங்கிருந்து நெய்யாற்றின்கரை வரைக்கும் அவரைப்போல் தீயை வெறுத்தவரும் இல்லை, இருபது வருஷமாகத் தீயையே நினைத்தவரும் இல்லை. திருவனந்தபுரத்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை. லித்தியம் பேட்டரிக்குள் இருக்கும், இனிப்பு மணமுள்ள திரவம் எளிதில் பற்றக்கூடியது. அதில் வேறொரு பொருளைக் கொஞ்சம் கலந்து, சூடேறினாலும் சட்டென்று பற்றாமல் செய்யவேண்டும். டீக்கடையில் இதை விளக்கும்போது, "ரெண்டு சொட்டு விட்டா மதி, அது போதும்" என்றார். அன்றோடு அவருடைய சொந்தப் பெயர் போயிற்று.

ஒரு ஞாயிறு சர்ச்சில் நரக அக்கினியைப் பற்றிப் பிரசங்கம். இவர் முன்வரிசைக்காரரின் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்து, "எலே, ஒனக்க போன் சுடுது, அணைச்சு வையி" என்றார். சபையே திரும்பிப் பார்த்தது.

"அண்ணே, மருந்து பலிச்சுதா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"பலிச்சு. தீயே பிடிக்கல்ல."

"அப்போ ஜெயமாக்கும்!"

"கரண்டும் வரல்ல மக்கா."

மருந்து கூடினால் பேட்டரி மந்தமாகும், குறைந்தால் பற்றும். இடையிலுள்ள அந்த அளவைத் தேடியே அவர் தலை நரைத்தது. நான் சிரித்தேன். பயத்தை முழுக்க ஒழித்தால் ஓட்டமும் நின்றுபோகும் என்பது பேட்டரிக்கு மட்டுமான விஷயமில்லை என்று எனக்குப் பிறகுதான் உறைத்தது.

நான் பேட்டரியைப் புகைப்புரையில் வைத்த அன்று அவர் செய்தித்தாளைத் திருப்பித் தர வந்தார். முற்றத்தில் நின்று மூக்கை உயர்த்தினார்.

"புகைக்குள்ள இனிச்ச மணம் ஒண்ணு வருதே. எலே, உள்ள என்னத்த வச்ச?"

"பேட்டரி. நனைஞ்சு போச்சு, அதாக்கும்..."

"ஆரு உண்டு உள்ள?"

"லீலா. ஷீட்டு திருப்பிட்டு நிக்கா."

செய்தித்தாள் பறந்தது. என் மனைவியைக் கையைப் பிடித்து வெளியே இழுத்துவிட்டு மறுபடி உள்ளே போனார். மம்பட்டியில் பேட்டரியை ஏந்திக்கொண்டு ஓடிவந்து மரச்சீனிக் கிழங்குத் தோட்டத்தில் வீசினார். அது சீறி வெடித்து ஆளுயரத்துக்கு எரிந்தது. நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

அவர் வலக்கையில் இரண்டு விரல் வெந்திருந்தது. அதைப் பார்க்காமல் தீயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஒங்க மருந்து இதுல இருந்திருந்தா பிடிச்சிருக்காதே?"

"பிடிக்கும். கொஞ்சம் பிந்திப் பிடிக்கும். உள்ள நிக்கவனுக்கு வெளிய எறங்க நேரம் கிட்டும். அவ்வளவுதான் மக்கா."

அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் ஒரு மனிதர் இருபது வருஷம் காலை ரயிலைப் பிடித்திருக்கிறார். என் வீட்டில் அதை அவர் மருந்தே இல்லாமல் தன் கையால் தந்தார். சாயங்காலம் லீலாவிடம் சொன்னேன்: "அந்த மனுசன் மட்டும் எடுக்கல்லேண்ணா..."

"எடுத்தது அவரு, சரி" என்றாள் லீலா. "வச்சது ஆராக்கும்?"