வெள்ளகோவில் பாலுசாமி விஷயமாக

பெரியநாயக்கன்பாளையம்,
9.7.1999

மரியாதைக்குரிய நஞ்சுண்டன் அண்ணா அவர்களுக்கு, பக்கத்து வீட்டு மெஹராஜ் எழுதுவது.

நானாக உங்களுக்கு எழுதுவதற்கு முதலில் மன்னிக்க வேண்டும். இதுவரை வந்த கடிதங்களில் எழுத்து மட்டும்தான் என்னுடையது. சொன்னதெல்லாம் உங்கள் அம்மா. இங்கு யாவரும் சுகம். சண்டை நடக்கும் இடத்துக்கு எழுதி, அங்கு சுகமா என்று கேட்கலாமா தெரியவில்லை. கேட்காவிட்டால் கடிதமாகாது என்பதால் கேட்கிறேன்.

உங்கள் கடிதம் வந்து இருபத்தாறு நாளாகிறது. ரேடியோவில் கார்கில் என்று வந்தாலே உங்கள் அம்மா சோற்றுத் தட்டைத் தள்ளிவிடுகிறார். போன மாதக் கடைசியில் எனக்கு வங்கித் தேர்வு ஹால்டிக்கெட் வந்தது. பழுப்பு உறை. "ஏங் கண்ணு, நம்ம நஞ்சுண்டன் போட்ட காயிதமா?" என்று வாசலில் நின்றார். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன், ஆமாம் என்று வந்துவிட்டது. ஹால்டிக்கெட்டையே வாசித்தேன். நலம், குளிர், கவலை வேண்டாம் என்று நீங்கள் வழக்கமாக எழுதும் மூன்றையும் சொல்லி முடித்தால், "சோறு ஆரு ஆக்கறாங்களாமா?" என்றார். ஹால்டிக்கெட்டில் அது இல்லை. பாலுசாமி என்று ஒரு கூட்டாளி, வெள்ளகோவில்காரர், அரிசிம்பருப்புச் சோறு நன்றாக ஆக்குவாராம் என்றேன். அன்று உங்கள் அம்மா இரண்டு தட்டுச் சாப்பிட்டார். பிறகு அந்தக் காகிதத்தை வாங்கிப்போய், காலியாக இருந்த கட்டத்தில் யூனிஃபார்ம் போட்ட உங்கள் போட்டோவைச் சோற்றுப் பருக்கையால் ஒட்டிவிட்டார். தேர்வு போன ஞாயிறு முடிந்தது. நான் போகவில்லை.

அதோடு நின்றிருக்கலாம். மறுநாளே, "வெள்ளகோவில்ல எந்தக் கூட்டம்னு போட்டிருக்குதா அம்மணி?" என்று அதையே கொண்டுவந்தார். பின்பக்க விதிமுறைகளைப் பார்த்துக்கொண்டே, எனக்குத் தெரிந்த ஒரே குலக் கூட்டத்தின் பெயரைச் சொன்னேன். அது உங்களுடையது. "அட, நம்ம பங்காளிப் பையனா! அப்ப எனக்கும் மவனாட்டந்தான கண்ணு!" என்று அழுதார். இப்போது கோயிலில் இரண்டு தேங்காய் உடைக்கிறார். சத்தியமங்கலத்து உங்கள் அத்தை மாசாணியம்மாள் வந்திருந்தார். உங்களுக்கென்று பேசி வைத்திருந்த மகளைப் பாலுசாமிக்குக் கொடுத்தால் என்ன என்று யோசிக்கிறார். "ஏனுங் நங்கை, சோறாக்கத் தெரிஞ்ச மாப்ள ஆருக்குங்க கெடைப்பாங்க?" என்று உங்கள் அம்மாவிடமே கேட்டார். ஜாதகம் கேட்டார்கள், ரோகிணி என்று சொல்லியிருக்கிறேன். ஆவணி பிறந்ததும் உங்கள் அம்மா பாலுசாமியின் அம்மாவைப் பார்க்க வெள்ளகோவில் போகிறார். துணைக்கு நான்.

ஆகவே, பாலுசாமியை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள் என்று ஒரு வரி எழுதவும். மாற்றல் போதும். அவருக்கு வேறு எதுவும் ஆக வேண்டாம். உங்கள் அம்மா தாங்கமாட்டார்.

என் அத்தாவும் அம்மாவும் உங்களுக்காக துஆ செய்கிறார்கள். உங்கள் அம்மாவின் ஆசி எப்போதும்போல, பாலுசாமிக்கும் சேர்த்து.

பணிவுடன்,
மெஹராஜ், பி.காம்.

பின்குறிப்பு: மாற்றல் வேண்டாம். பாலுசாமி இருக்கட்டும், வெள்ளகோவிலை நான் பார்த்துக்கொள்கிறேன். இந்த உறைக்குள் வெற்று இன்லண்ட் லெட்டர் ஒன்று மடித்து வைத்திருக்கிறேன். உள்ளே எதுவும் எழுத வேண்டியதில்லை, அது என் வேலை. வெளியே விலாசத்தை மட்டும் உங்கள் கையால் எழுதி அனுப்புங்கள் அண்ணா.