நாலாம் நம்பரில் அப்பாவின் கடிகாரம்

மதிப்பிற்குரிய அண்ணா அவர்களுக்கு, தம்பி பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். நலமில்லை என்று எழுதினால் நீங்கள் நம்பப்போவதில்லை, நலம் என்று எழுதினால் என் மனசாட்சி ஒத்துக்கொள்ளவில்லை. ஆகவே இங்கு அனைவரும் இருக்கிறோம் என்று மட்டும் தெரிவித்துக்கொள்கிறேன். அங்கு நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் அவ்வண்ணமே இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

என் நம்பரைப் பார்த்தாலே நீங்கள் போனை எடுப்பதில்லை என்பது தெரியும். உங்கள் கோபம் நியாயமானது. ஆறு மாதத்தில் மூன்று முறை, ‘அப்பா இப்பவோ அப்பவோன்னு இருக்காரு, உடனே வாங்க’ என்று கூப்பிட்டேன், மூன்று முறையும் விழுந்தடித்துக்கொண்டு வந்தீர்கள். முதல் முறை அண்ணி தெருமுனையிலேயே அழத் தொடங்கி வாசலுக்கு வரும்போது உச்சஸ்தாயியில் இருந்தார். அப்பாவோ கட்டிலில் உட்கார்ந்து ஒரு கன்னம் முழுக்கச் சோப்பு நுரையோடு, “யாரும்மா போயிட்டாங்க?” என்று கேட்டார். இரண்டாம் முறை லீவு கேட்டபோது உங்கள் மேலதிகாரி, “உங்களுக்கு மொத்தம் எத்தனை அப்பா?” என்றாராம். மூன்றாம் முறை ஒன்பது நாள் காத்திருந்து பார்த்துவிட்டு, கிளம்பிய கோபத்தில் மூக்குக்கண்ணாடியைக்கூட மறந்துவிட்டுப் போனீர்கள். வீடு போனதும் ஒரே ஒரு வரி எழுதி அனுப்பினீர்கள்: ‘இனிமேல் ஆனதுக்கப்புறம் சொல்லு, ஆகப்போகுதுன்னு சொல்லாதே.’ அந்தக் கண்ணாடியை இன்னும் அனுப்பாததற்கு நான் பொறுப்பில்லை. அப்பா அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தரமாட்டேன் என்கிறார்.

இப்போது உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அப்பா போகாமல் இருப்பதற்கு டாக்டரும் காரணமில்லை, மருந்தும் காரணமில்லை. நான்தான்.

என் வேலை என்னவென்று நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லை, ‘விளையாட்டுக் கூடத்தில் ஏதோ மெஷின் துடைக்கிறான்’ என்று அண்ணி எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறார், அதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை, கொஞ்சம்தான். எங்கள் கூடத்தில் காசு தள்ளும் மெஷின்கள் பன்னிரண்டு இருக்கின்றன. கண்ணாடிப் பெட்டி. உள்ளே ஒரு தட்டு முன்னும் பின்னும் போய்வந்துகொண்டே இருக்கும். மேலே துளையில் காசு போட்டால் அது தட்டில் விழுந்து, முன்னால் கிடக்கும் காசுகளைத் தள்ளும். விளிம்பைத் தாண்டி விழுவது ஆடுகிறவருக்கு. அவ்வளவுதான் ஆட்டம். ஆனால் அந்த விளிம்பை அமைப்பது இருக்கிறதே, அது என் வேலை. பாதி காசு வெளியே தொங்க வேண்டும், இதோ விழப்போகிறது என்று தோன்ற வேண்டும், விழக்கூடாது. ஒரேயடியாக விழாமலே இருந்தால் ஆள் எழுந்து போய்விடுவார், அதனால் எப்போதாவது ஒன்று விழவும் வேண்டும். முன்கால் திருகாணியை ஏற்றினால் முன்பக்கம் உயர்ந்து காசு விழாது, இறக்கினால் விழும். கால் சுற்று கூட, கால் சுற்று குறைய, எல்லாம் அதில்தான் இருக்கிறது. இந்த அமைப்புக்கு எங்கள் தொழிலில் என்ன பேர் தெரியுமா அண்ணா? ‘இப்பவோ அப்பவோ’ வைக்கிறது. இருபது வருஷமாக அதைத்தான் செய்கிறேன். நான் வைத்தால் பஸ்ஸுக்குப் போகிறவர்கூட பஸ்ஸை விட்டுவிட்டு நிற்பார்.

போன வருஷம் அப்பா படுக்கையில் விழுந்ததும் கை மெலிந்து கைக்கடிகாரம் முழங்கை வரைக்கும் ஓட ஆரம்பித்தது. “மணி பாத்து இனிமே என்ன கிழிக்கப்போறேன், நீயே வச்சுக்கடா” என்று கழற்றிக் கொடுத்தார். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். அன்றைக்குப் பார்த்து முதலாளி, “நாலாம் நம்பர் மெஷின்கிட்ட ஒரு ஈ காக்கா நிக்கல. நல்லதா ஏதாவது உள்ள வைய்யா” என்று கத்தினார். பைக்குள் கைவிட்டேன், வந்தது கடிகாரம். காசுக் குவியலின் மேல் விளிம்பில் பாதி தொங்கும்படி வைத்தேன், நிச்சயமாக விழாது, சும்மா காட்டுவதற்குத்தான். திருகாணியை ஒன்றரைச் சுற்று ஏற்றி, தட்டிப் பார்த்து, கண்ணாடியைச் சாத்தினேன். வீட்டிலிருந்து போன். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, “இப்பவோ அப்பவோன்னுதான் இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போனாராம். டாக்டருக்கு எங்கள் தொழில் வார்த்தை எப்படித் தெரிந்தது என்று நான் கொஞ்சம் சந்தோஷப்பட்டேன். மடையன்.

அப்புறம் நடந்ததைக் கேளுங்க. எங்க கூடத்துக்குத் தினமும் பத்து மணிக்கு டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்ற ஒரு அம்மா வருவாங்க, பத்துமணி அம்மான்னுதான் நாங்க சொல்றது, அவங்க நாலாம் நம்பர் முன்னால ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து விரல் எண்ணி எண்ணிக் காசு போட்டாங்க, கடிகாரம் ரெண்டு விரற்கடை வெளியே வந்துடுச்சு, அதே நேரத்துல வீட்ல அப்பாவுக்குக் கை கால் சில்லுன்னு ஆயிடுச்சு, உங்களுக்குப் போன் போட்டேன். போட்டுட்டு, முதலாளி பொருள் போயிடக்கூடாதேன்னு பழக்க தோஷத்துல திருகாணியைக் கால் சுற்று ஏத்தினேன். நீங்க வந்தப்ப அப்பா ஷேவ் பண்ணிட்டிருந்தாரு. ரெண்டாவது தடவையும் அதேதான், மூணாவது தடவையும் அதேதான். உங்க மேலதிகாரிகிட்ட என் சார்பா மன்னிப்பு கேட்டுடுங்க.

சந்தேகம் உறுதியானது கரண்ட் போன அன்னிக்கு. மத்தியானம் கூடம் முழுக்க இருட்டாயிடுச்சு, எல்லாத் தட்டும் நின்னுடுச்சு, ஜெனரேட்டர் வர ஒரு நிமிஷம் ஆகும். அந்த ஒரு நிமிஷத்துல என் வீட்டுக்காரி போன்ல அலறுறா, “மாமா மூச்சு விடலீங்க!” நான் பேச வாயெடுக்கறதுக்குள்ள விளக்கு வந்துச்சு, நாலாம் நம்பர் தட்டு ஒரு தடவை முன்னால வந்துச்சு. “ஆ, இப்ப மூச்சு விடறாருங்க” அப்படின்னா. மூச்சை ஒரு நிமிஷம் எண்ணச் சொன்னேன். அவ அங்க அப்பா நெஞ்சைப் பாத்து எண்ணினா, நான் இங்க தட்டைப் பாத்து எண்ணினேன். ரெண்டு பேரும் சேர்ந்தே “பதினாலு”ன்னு முடிச்சோம். தெருவுல போறவங்களுக்கும் கடிகாரம் தெரியணும்னு நாலாம் நம்பரை ராத்திரியிலயும் ஓட விடச் சொல்லியிருந்தாரு முதலாளி, அது எவ்வளவு நல்லதாப் போச்சு; இனிமே அவரே சொன்னாலும் அதை நான் அணைக்கறதில்லை.

எடுத்துத் தொலைக்க வேண்டியதுதானேன்னு நீங்க கேப்பீங்க. எடுத்துப் பாக்காம இருப்பேனா? கண்ணாடியைத் திறந்து கடிகாரத்தை லேசாத் தூக்கினேன். வீட்ல அப்பா, “எவன்டா அது கழுத்தைப் புடிச்சுத் தூக்கறது, கீழ வைடா!”ன்னு கத்தினதுல பக்கத்து வீட்டுக்காரங்க கதவைத் தட்டிட்டாங்க. வச்சுட்டேன். சரி, விளிம்புல இருக்கறதுதானே தொந்தரவுன்னு தட்டுக்கு உள்பக்கமா ஒரு சாண் தள்ளி வச்சேன். அது இன்னும் மோசம். அப்பா ஜம்முனு எழுந்து உட்கார்ந்து என் வீட்டுக்காரியைப் பாத்து, “யாரும்மா நீ, எங்க வீட்ல உனக்கென்ன வேலை? பெரியவன் பள்ளிக்கூடம் விட்டு வந்துட்டானா?”ன்னு கேட்டிருக்காரு. நாப்பது வருஷம் பின்னால போயிட்டாரு அண்ணா. நீங்க கணக்குல பெயிலாகி ரேங்க் கார்டுல அப்பா கையெழுத்தை நீங்களே போட்டது அன்னிக்கு வெளிய வந்துடுச்சு, உங்களைக் கட்டிலுக்கு அடியில பிரம்போட தேடினாரு. ரெண்டு நாள் தேடினாரு. என் வீட்டுக்காரி அழுததைப் பாத்து மறுபடி விளிம்புக்கே கொண்டுவந்தேன்.

இதுல முதலாளிக்கு ஏகக் கொண்டாட்டம். கடிகாரம் தொங்கறதைப் பாக்கவே கூட்டம் வருது. ‘இந்த வாரம் விழும்’னு பலகை எழுதி மாட்டிட்டாரு. பின்னால நிக்கறவங்க, “போச்சு போச்சு, இதோ போச்சு”ன்னு கத்தறாங்க, தப்பிச்சா, “சே!”ன்னு உச்சுக்கொட்டறாங்க. அவங்களுக்கு என்ன தெரியும் பாவம். பத்துமணி அம்மா என்னைப் பாத்து, “நீ திருகற, நான் தள்றேன். யார் ஜெயிக்கறான்னு பாப்போம்”ங்கறாங்க. நல்ல அம்மாதான், பேரனுக்கு ஒரு கடிகாரம் வேணுமாம்.

நேத்து சாயங்காலம் அப்பா என்னைக் கிட்ட கூப்பிட்டாரு. குரல் காத்து மாதிரி வருது. “சின்னவனே, பின்னாலருந்து யாரோ தள்ளிக்கிட்டே இருக்காங்கடா. முன்னால யாரோ விடமாட்டேங்கறாங்க. உன் வேலைதானே இது?”ன்னாரு. அப்புறம் அவரே, “பெரியவனை ஒரு தடவை பாத்துடறேன், அப்புறம் விட்டுடு”ன்னாரு. உங்களைப் பாக்கணும்னு அவருக்கு அவ்வளவு ஆசை. நீங்க மூணு தடவை வந்தப்பவும் ரெண்டு பேரும் லீவைப் பத்தியே பேசிச் சண்டை போட்டீங்க.

எனக்குப் பயமா இருக்கு அண்ணா. எத்தனையோ பேரை இப்படி இதோ அதோன்னு உட்கார வச்சிருக்கேன். அவங்க மூஞ்சியை ஒருநாளும் நான் பாத்ததில்லை, விளிம்பை மட்டும்தான் பாப்பேன். இப்ப வீட்டுக்குப் போனா அந்த மூஞ்சிதான் தலையணையில இருக்கு. விடறதுக்கு அரைச் சுற்று போதும். ஸ்பேனரை எடுத்துக்கிட்டுப் போறேன், கை கீழ்ப்பக்கம் திரும்பவே மாட்டேங்குது, மேல்பக்கமே திருகிட்டு வந்துடறேன். உங்களுக்காகத்தான் நிறுத்தி வச்சிருக்கேன்னு சொன்னா அது பாதிதான் நிஜம். எனக்கு அப்பாவை விட மனசில்லை. நீங்க வந்து பக்கத்துல நின்னீங்கன்னா முடியும்னு நினைக்கறேன்.

ஆகவே இக்கடிதத்தைத் தந்தியாகப் பாவித்து உடனே புறப்பட்டு வரவும். அண்ணிக்கு என் வணக்கத்தையும் பிள்ளைகளுக்கு என் அன்பையும் தெரிவிக்கவும். தங்கள் ஆரோக்கியமும் ஆயுளும் நாளுக்கு நாள் ஓங்க வேண்டும் என்று விரும்பும்,

தங்கள் தம்பி.

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் எல்லாம் மாறிவிட்டது. அப்பாவுக்காக நீங்கள் வர வேண்டாம். செவ்வாய்க்கிழமை காலையில என் வீட்டுக்காரி தோளைப் புடிச்சுக்கிட்டு அவரே கூடத்துக்கு வந்துட்டாரு. பத்துமணி அம்மா என்ன நினைச்சாங்களோ, ஸ்டூலை விட்டு எழுந்து இடம் கொடுத்தாங்க. அப்பா ஒரே ஒரு காசு போட்டாரு. தட்டு வந்துச்சு, கடிகாரம் டக்குனு கீழ விழுந்துச்சு, நான் கண்ணை மூடிட்டேன். திறந்து பாத்தா அப்பா அதைக் கையில கட்டிக்கிட்டிருக்காரு. இப்ப முழங்கைக்கு ஓடாம கச்சிதமா நிக்குது. சாவி கொடுத்து காதுல வச்சுக் கேட்டாரு. அவங்கவங்க பொருளை அவங்கவங்களே தள்ளி எடுத்துக்கணும் போல, இது எனக்குத் தோணவே இல்லை. மத்தியானம் ரெண்டாவது தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாரு.

ஆனா கூடத்தை விட்டுக் கிளம்பறதுக்கு முன்னால, சட்டைப் பையிலேருந்து உங்க மூக்குக்கண்ணாடியை எடுத்து, நான் தடுக்கறதுக்குள்ள, காசை அடுக்கறதுக்கு நான் திறந்திருந்த நாலாம் நம்பர் கண்ணாடிக் கதவு வழியா கடிகாரம் இருந்த அதே இடத்துல வச்சுட்டாரு. “இனிமே அவன் எப்படி வராம இருக்கான்னு பாக்கறேன்”ன்னாரு. அன்னிக்குப் பதினொரு மணிக்கு உங்களை யாரோ கழுத்தைப் புடிச்சுத் தூக்கின மாதிரி இருந்திருந்தா மன்னிச்சுக்குங்க, அது நான்தான், உடனே கீழ வச்சுட்டேன். திருகாணியை எவ்வளவு ஏத்த முடியுமோ ஏத்தியிருக்கேன். பத்துமணி அம்மா திரும்பவும் ஸ்டூல்ல உட்கார்ந்துட்டாங்க, வெள்ளிக்கிழமைக்குள்ள விழுந்துடும்ங்கறாங்க. போடற காசு நான் தரேன், நீங்க வந்து உங்க கண்ணாடியை நீங்களே தள்ளி எடுத்துக்கிட்டா போதும். ஆனதுக்கப்புறம் சொல்லுன்னுதான் எழுதியிருந்தீங்க. இந்த ஒரு விஷயத்துல மட்டும் எனக்கு அதுக்கு மனசு வரல அண்ணா.