நின்றுகொண்டே கேட்ட முந்நூறு ரசிகர்கள்

கலை முதலில் காகிதத்தில் பிறக்கிறது. அதற்கப்புறம்தான் யாராவது அதை வாயில் வைத்து ஊத வேண்டும். மனித குலம் ஆயிரக்கணக்கான வருஷமாகத் தேடித் தவித்த இந்தப் பேருண்மையை, இலங்கைக்குச் சுதந்திரம் வந்து, தோட்டத் தமிழருக்கு ஓட்டுரிமை போய், ஆறாவது வருஷம், டிக்கோயாவுக்கு மேலே மஞ்சக்கல் தேயிலைத் தோட்டத்தில் கண்டுபிடித்தார்கள். கண்டுபிடித்தவர் ஆபிஸ் கிளாக்கர் கணேசமூர்த்தி. பலனை அனுபவித்தவன், தொழிலாளர் குடியிருக்கும் ஐந்தாம் நம்பர் லயத்து வைரவன்.

வைரவன் பகலில் தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டிச் செடியை மட்டம் செய்பவன். மற்ற நேரத்தில் 'மஞ்சக்கல் ஸ்ரீமுருகன் பேண்டு செட்'டின் தலைவன். அவனுடைய கிளாரினெட், யுத்தம் முடிந்து கப்பலேறிய ஒரு சிப்பாய் விட்டுப் போனது. இரண்டு சாவி கிடையாது. அந்த இரண்டு சுரமும் வரவேண்டிய இடத்தில் வைரவன் கண்ணை மூடித் தலையை ஆட்டுவான். 'என்ன அனுபவம்!' என்று ஜனங்கள் உருகுவார்கள்.

உருகாத ஒரே ஜீவன் அவன் மனைவி வீரம்மா. ஒருநாள் கூடையை இறக்கி வைத்த கையோடு அவள் தீர்ப்புச் சொன்னாள்.

"தீவாளிக்குள்ள வெளியிலருந்து ஒரே ஒரு ஆர்டர் வரணும். வரலேன்னா அந்தக் கொழலு வட்டவளைக்குப் போகுது, ஆடு வீட்டுக்கு வருது."

"எந்த ஆடு?"

"வட்டவளையில எங்க சின்னம்மா வளக்குற ஆடு. அவ மகனுக்குக் கொழலு வேணுமாம். ஆடு பாலும் குடுக்கும். கத்துனா சுருதியும் சுத்தமா இருக்கு."

தீபாவளிக்கு இன்னும் ஏழு வாரம்தான். வைரவன் அன்றைக்கே தலைத்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு கிளாக்கரைத் தேடி ஓடினான்.

கணேசமூர்த்தி மதராசிலிருந்து வரும் வாரப் பத்திரிகைகளை ஒரு எழுத்து விடாமல் படிப்பவர். ஆகவே அவருக்குத் தெரியாதது உலகத்தில் இல்லை.

"வைரவா, பட்டணத்துல பேண்டுக்காரன் மொதல்ல என்ன செய்றான் தெரியுமா?"

"சுருதி சேப்பானுங்க."

"மடையா! ஒரு கட்டு அனுப்புறான்."

"வெறகுக் கட்டுங்களா?"

"விளம்பரக் கட்டு! போட்டோ, வரலாறு, பாராட்டுரை, வாசிச்ச எடமெல்லாம் ஒரு லிஸ்டு. கட்டப் படிச்சவுடனே எதிராளி முன்பணத்த நீட்டுவான். நீ வாசிக்கிறது ரெண்டாம் பட்சம். வாசிக்காம இருந்தா இன்னும் உத்தமம்."

இவ்வாறாக, 'விளம்பரக் கட்டுத் தயாரிப்பு உபகமிட்டி' அந்த நிமிஷமே அமைந்தது. தலைவர், செயலாளர், பொருளாளர்: கணேசமூர்த்தி. உறுப்பினர்: வைரவன், உட்காராமல்.

முதல் நடவடிக்கை, அட்டன் டவுனில் போட்டோ. செட்டில் நாலு பேர். கிளாக்கர் கொடுத்துதவிய கோட்டோ ஒன்று. ஆகவே ஆளுக்கொரு படமாக நாலு படம். பின்னால் திரையில் அதே அரண்மனைப் படிக்கட்டு, அதே அன்னப்பறவை, அதே கோட்டு. எக்காளக்காரனுக்கு அது முழங்கால் வரை தொங்கிற்று. தாளக்காரனுக்குத் தொப்புளோடு நின்றது. கடைசியாகத் தப்புக்காரன் அழகன் கோட்டைப் போட்டு, தப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றான்.

"அழகா, தப்ப மறைச்சுக்க," என்றார் கிளாக்கர். "கட்டுல ஒன்ன 'மேல்நாட்டு டிரம் நிபுணர்'னு போட்டிருக்கேன்."

"அப்ப கோட்டப் போட்டதும் தீட்டு போயிருச்சுங்களாய்யா?"

"போட்டோ எடுத்து முடியிற வரைக்கும்," என்றார் கிளாக்கர் பெருந்தன்மையாக.

இரண்டாவது, வரலாறு. பெயர், தொழில் எல்லாம் மளமளவென்று நிரம்பின. 'நாடு' என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. இந்தியா என்று எழுதினால் கப்பலேற்றி விடுவார்கள். இலங்கை என்று எழுதினால் அத்தாட்சி கேட்பார்கள். கணேசமூர்த்தி அரைமணி நேரம் கூரையைப் பார்த்தார். பிறகு 'மலை' என்று எழுதி அடுத்த வரிக்குப் போனார்.

மூன்றாவது, வாசித்த இடங்கள்.

"கோயில் திருவிழா, வருஷா வருஷம். அப்புறம் ரெண்டு சாவுங்க," என்றான் வைரவன்.

கிளாக்கர் எழுதினார்: 'எமது இசையால் வழியனுப்பப்பட்ட இரு பிரமுகர்கள், இன்றுவரை ஒரு குறையும் கூறியதில்லை.'

"சரி, தெனமும் ஒங்க வாசிப்பக் கேக்குற ரசிகருங்க இருக்காங்களா?"

 அழகன்தான் தலையைச் சொறிந்தான். "நான் தெனமும் விடியக்காலையில தப்படிச்சுத்தானே பெரட்டுக்கு ஆள் கூப்புடுறேன்? அது கணக்குல வருங்களா?"

பெரட்டுக்களம் என்பது வேலையாட்கள் வரிசையாக நின்று, இன்றைக்கு யார் எந்த மலைக்கு என்று கேட்டுக்கொள்ளும் இடம். வராவிட்டால் அன்றைக்குப் பேர் விழாது. பேர் விழாவிட்டால் சம்பளம் கிடையாது.

"எத்தன பேரு வருவாங்க?"

"முந்நூறு பேருங்க. மழையானாலும் வருவாங்க."

கணேசமூர்த்தியின் கண்கள் பளபளத்தன. பேனா பறந்தது: 'அன்றாடம் அதிகாலை ஐந்தரை மணிக்கு, கொட்டும் மழையிலும், முந்நூறு ரசிகர்கள் நின்றுகொண்டே கேட்கிறார்கள். ஒருவராவது பாதியில் எழுந்து போனதில்லை.'

வைரவனுக்கு உடம்பு சிலிர்த்தது. தன் செட்டு இவ்வளவு பெரியது என்று அவனுக்கு அதுவரை தெரியாது.

பாக்கி பாராட்டுரைதான். கிளாக்கரே லயத்துக்கு எழுந்தருளி வீரம்மாவைக் கேட்டார். "ஒன் புருசன் வாசிப்பக் கேட்டா ஒனக்கு என்ன தோணுது?"

வீரம்மா அடுப்பிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை. "இந்த ஊதலக் கேக்குறதுக்கு, மறுபடியும் மலைக்குப் போயி இன்னொரு கூடை கொழுந்து எடுக்கலாம்னு தோணுதுங்க."

கிளாக்கர் ஒரு சொல்லை வீணாக்கவில்லை. 'இவ்விசையைச் செவிமடுத்த பெண் தொழிலாளி ஒருவர், களைப்பை மறந்து, உடனே மலைக்குத் திரும்பி மேலும் ஒரு கூடை கொழுந்தெடுக்க ஆவல் தெரிவித்தார்.'

கட்டு ஆபிஸ் டைப்ரைட்டரில் தமிழுக்கு வழியில்லாமல் இங்கிலீஷில் உருவெடுத்தது. ஆபிஸில் எது அடித்தாலும் ஒரு கார்பன் நகல், தோட்டத்தை நிர்வகிக்கும் துரை மேசைக்குப் போக வேண்டும் என்பது விதி. பதினேழு வருஷப் பழக்கம். கணேசமூர்த்தியின் கை தன்னால் போய் நகலைத் துரையின் தட்டில் வைத்துவிட்டு வந்தது. அவருக்கே தெரியாது.

அசல் கட்டு அட்டனுக்குப் போயிற்று. ஜவுளிக்கடை சிதம்பரநாதன் மகளுக்கு ஐப்பசியில் கல்யாணம். முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு தாளாகப் படித்தார். வைரவன் தலைத்துண்டை அக்குளில் இடுக்கி நின்றான். காதுக்குள் ஆடு கத்தியது.

"அடேயப்பா," என்றார் முதலாளி. "முந்நூறு ரசிகரா?"

"ஆமாங்க மொதலாளி. மழையிலயும்."

"ஒங்க பின்னாலயே வருவாங்களோ?"

"தப்பு சத்தம் கேட்டா வந்துருவாங்க," என்றான் அழகன் பெருமையோடு.

முதலாளி கட்டை மரியாதையாக மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "தம்பிமாரே, நான் எல போடச் சொல்லியிருக்கறதே எரநூறு பேருக்கு. ஒங்க ஆளுங்களுக்கே சோறு பத்தாது. ஒங்க அளவுக்கு நான் பெரிய ஆளு இல்ல."

கட்டின் மகிமையை இதற்கு மேல் என்ன சொல்ல? கேட்காமலே ஒருவனைத் தோற்கடித்துவிட்டது.

தீபாவளிக்கு நாலே நாள். வீரம்மா ஆட்டுக்கு முளைக்குச்சி கூட அடித்துவிட்டாள். அந்த நேரத்தில்தான் ஆபிஸிலிருந்து ஆள் வந்தது. "வைரவா, தொரை கூப்புடுறாரு!"

துரை வராந்தாவில் நின்றார். கையில் கார்பன் நகல். பக்கத்தில், மலை வேலையை மேய்க்கும் கண்டாக்கையா. அதற்கும் பக்கத்தில், முகம் வெளுத்துப்போன கணேசமூர்த்தி.

"வைரவன்! மிச்சம் நல்லம்!" என்றார் துரை, தனக்குத் தெரிந்த தமிழில். "நாளைக்கு மலைக்குப் போ. ஊது!"

கண்டாக்கையா விளக்கினார். "தொரை ஒங்க செட்ட புக் பண்ணிட்டாருடா. பத்தாம் நம்பர் மலையில, கொழுந்து எடுக்குற எடத்துல. தெனமும். நாலு பேருக்கும் முழுப்பேர் விழும், முழுச் சம்பளம்."

வைரவனுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. ஆர்டர்! ஆடு தோற்றது! இது வெளியாள் ஆர்டர்தானா என்று ஒரு சந்தேகம் எழுந்தது. துரையை விட வெளியாள் யார் இருக்க முடியும் என்று அதை அடக்கிக்கொண்டான்.

மறுநாள் பனி மூட்டத்தில், முந்நூறு ரசிகர்கள் முன்னிலையில், அரங்கேற்றம் நடந்தது. எக்காளத்துக்குள் மழை இறங்கிற்று. வைரவன் கண்ணை மூடித் தலையை ஆட்டிய நேரமெல்லாம் அட்டை காலில் ஏறிற்று. ஆனாலும் வாசித்தான். சாயங்காலம் கொழுந்து நிறுக்கும் இடத்தில்தான் கண்டாக்கையா துரையின் அறிக்கையை வாசித்தார்.

"இசையினால களைப்பு மறந்துபோகுதுன்னு தெரியவந்திருக்கு. அதனால இன்னையிலருந்து முழுப்பேருக்குக் கொழுந்து பதினாறு றாத்தல் இல்ல, இருபது றாத்தல்."

பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு எல்லாரும் வைரவனைப் பார்த்தார்கள்.

"யாருங்க அப்புடிச் சொன்னது?" என்றாள் வீரம்மா.

"ஒரு பொம்பளயாளு சொன்னதா கட்டுல எழுதியிருக்கு," என்றார் கண்டாக்கையா. "இன்னொரு கூடை எடுக்க ஆசப்பட்டாளாம்."

வீரம்மாவின் கூடை பதினெட்டு றாத்தல் நின்றது. அரைப்பேர். அடுத்தவளுக்கும் அரைப்பேர். அன்று முழுப்பேர் வாங்கியவர்கள் நாலு பேர்: கிளாரினெட், எக்காளம், தாளம், மேல்நாட்டு டிரம் நிபுணர்.

கணேசமூர்த்தி மனம் தளரவில்லை. நோட்டும் பேனாவுமாக வந்தார். "வீரம்மா, கட்டுல சேக்கறதுக்குப் புதுசா ஒரு பாராட்டுரை..."

"எழுதிக்கங்கய்யா," என்றாள் அவள். "ஒத்த நாள் வாசிச்சு இந்தத் தோட்டத்துப் பொம்பளைங்க அம்புட்டுப் பேரு சம்பளத்தயும் பாதியாக்கின செட்டு, இலங்கையிலயே இது ஒண்ணுதான்."

அன்றிரவு வைரவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். வீரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் சாப்பிட்டிருப்பான். பொழுது விடிந்ததும் அவன் பெரட்டுக்குப் போகவில்லை. கிளாரினெட்டைத் துண்டில் சுற்றி அக்குளில் வைத்துக்கொண்டு, வட்டவளைக்கு ரயிலேறினான். சாயங்காலம் ஆட்டோடு திரும்பி, நேராக ஆபிஸ் படியில் போய் நின்றான்.

"செட்டு கலைஞ்சிருச்சுங்க. கொழலு இல்ல. பழையபடி பதினாறு றாத்தலே போட்டுருங்க சாமி."

கணேசமூர்த்தி கோப்பைப் புரட்டினார். முதல் தாளிலிருந்து கடைசித் தாள் வரை, இரண்டு தடவை.

"நீங்க கலைஞ்சதுக்கு இதுல ஒரு காயிதமும் இல்லையே, வைரவா."

"காயிதம் எதுக்குங்க? இந்தா ஆடு நிக்குது."

"ஆட்ட ஃபைல்ல வைக்க முடியாதுப்பா."

ஆகவே, மஞ்சக்கல் தோட்டத்தில் கலைக்கு அழிவே இல்லை. துரைகள் மூவர் மாறிவிட்டார்கள். கோப்பின்படி பத்தாம் நம்பர் மலையில் கச்சேரி இன்னமும் நடந்துகொண்டிருக்கிறது. முந்நூறு ரசிகர்களும் முழுப்பேருக்கான இருபது றாத்தல் கொழுந்தைக் கிள்ளியபடி நின்றுகொண்டே கேட்கிறார்கள். ஒருவராவது பாதியில் எழுந்து போக, இன்றுவரை அனுமதி இல்லை.