மச்சான் கொடுத்த ஜாடி

ஜாடி மேஜைமேல் இருந்தது. ஜாடிக்குள் குச்சி இருந்தது. குச்சியில் தொங்கிய கூடும் இருந்தது. கூட்டுக்குள் இருக்க வேண்டியவர் மட்டும் இல்லை.

தலையைத் துவட்டிக்கொண்டே வந்த கண்ணாடிக்கடைக்காரருக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, லென்ஸில் கீறல் பார்க்கிற சின்ன உருப்பெருக்கியை எடுத்துக் கண்ணில் இடுக்கிக்கொண்டு குனிந்தார். கூட்டின் தலைப்பக்கத்தில் ஒரு ஓட்டை. லென்ஸ் வெட்டும் இயந்திரத்தில் கொடுத்து எடுத்ததுபோல் அப்படியொரு வட்டம். அந்தப் பதற்றத்திலும், 'என்னமா வெட்டியிருக்கு!' என்று தொழில் புத்தி வியந்தது.

"ஏங்க, ஜாடியோட மூடி ஏன் கீழ கிடக்கு?"

மனைவி பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"உள்ள நீராவி படிஞ்சிருந்தது. குளிச்சிட்டு வர்ற வரைக்கும் கொஞ்சம் காத்தாடட்டும்னு..."

"கிளிக்கும் இதையேதான் சொன்னீங்க."

கிளி என்ற சொல் அந்த வீட்டில் ஆறு வருடமாகப் புழக்கத்தில் இல்லை. மனைவியின் அண்ணன் வெளிநாடு போனபோது விட்டுச்சென்ற கிளி அது. கூண்டுக்குள் புழுக்கமாக இருக்குமே என்று இவர்தான் கதவைத் திறந்துவைத்தார். கிளிக்கும் அந்த யோசனை பிடித்திருந்தது. மச்சான் திரும்பி வந்து சண்டை போடவில்லை, திட்டவில்லை. இந்த வீட்டு வாசலை மிதிப்பதை மட்டும் நிறுத்திவிட்டார். நல்லது கெட்டதுக்கு மனைவி தனியாகப் போய்த் தனியாகத் திரும்பினாள். ஒவ்வொரு முறையும் வந்து செருப்பைக் கழற்றும்போது அவள் முகத்தைப் பார்க்க இவருக்குத் தைரியம் வராது.

போன வாரம்தான் மச்சான் வந்தார். கல்லூரியில் பூச்சி ஆராய்ச்சி செய்கிறவர். ஆய்வுக்கூடத்துக்கு வண்ணம் பூசுகிறார்கள், அந்த நெடியில் இது செத்துவிடும், நாங்களும் ஊரில் இருக்க மாட்டோம் என்று சொல்லி, ஜாடியை மேஜைமேல் வைத்தார்.

"மாப்ளே, உங்களை நம்பித்தான் விட்டுட்டுப் போறேன். வருஷத்துல வெயில் ஆரம்பிக்கிற இந்த ஒரு வாரந்தான் இது வெளிய வரும். ரொம்ப அபூர்வமானது. வந்தா தொடாதீங்க. மூடியைத் திறக்காதீங்க. எனக்கு ஒரு போன் பண்ணுங்க, போதும்."

"என்ன பூச்சிண்ணா?" என்று தங்கை கேட்டாள்.

மச்சான் அவளை ஒரு பார்வை பார்த்தார். "பட்டாம்பூச்சிம்மா," என்றார். போனில் படமும் காட்டினார். இறக்கையை விரித்தால் நீலம். மூடினால் அசல் காய்ந்த இலை.

அந்தக் காய்ந்த இலைதான் இப்போது வீட்டுக்குள் எங்கோ உட்கார்ந்திருந்தது.

"அசையாத!" என்றார் கண்ணாடிக்கடைக்காரர். "புதுசா வந்திருந்தா இறக்கை ஈரமா இருக்கும். பறக்காது, ஊர்ந்துதான் போகும். மிதிச்சிடப் போற."

மனைவி ஒரு காலைத் தூக்கியபடி நின்றாள். "மின்விசிறி ஓடுதே!"

அணைத்தார். கதவுகளைச் சாத்தினார். ஜன்னல்களை ஒவ்வொன்றாக இழுத்து மூடினார். வீடு கொஞ்ச நேரத்தில் இட்லிப் பானையாகிவிட்டது என்று சொல்ல மனைவி வாயெடுத்தாள். அதற்குள் கூடத்து ஜன்னல் கண்ணாடியில் எதுவோ 'டப் டப்' என்று மோதியது.

இருவரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். கறுத்து மெலிந்த உடம்பு, நூல்போல் இடுப்பு, காவி நிறத்தில் நீளக் கால்கள்.

"குளவி!" மனைவி சோபாமேல் ஏறிவிட்டாள். சின்ன வயதில் இமையில் கொட்டு வாங்கி ஒரு வாரம் கண் திறக்காமல் கிடந்தவள். புத்தகத்தில் குளவிப் படம் வந்தால்கூடப் பக்கத்தைப் புரட்டிவிடுவாள். "அடிங்க! செருப்பால அடிங்க!"

"எப்படி அடிக்கிறது? திரைச்சீலையில எது எங்க உட்கார்ந்திருக்குன்னு யாருக்குத் தெரியும்? ஒண்ணை அடிக்கப் போய் இன்னொண்ணு நசுங்கிச்சுன்னா?"

"அப்ப நான் வீட்டை விட்டுப் போறேன்."

"கதவைத் திறக்காத!"

அவர் மேஜையிலிருந்த கண்ணாடி டம்ளரை எடுத்தார். கடையில் கிட்டப்பார்வை சோதிக்கிற அட்டை ஒன்று கைக்குக் கிடைத்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு டம்ளரைக் குளவியின்மேல் கவிழ்த்தார். எழுத்து சிறுத்துக்கொண்டே போகிற அட்டையை மெல்ல அடியில் நுழைத்தார். ஜன்னலைச் சுற்றித் துண்டால் திரை கட்டி, உள்ளே இருக்கிற பட்டாம்பூச்சி தப்பாதபடி ஒரு சாண் மட்டும் திறந்து, டம்ளரை வெளியே நீட்டினார்.

"போ. உன் சோலியப் பாரு."

அது ஒரு கணம் டம்ளர் விளிம்பில் நின்று உணர்கொம்பைத் துடைத்துக்கொண்டது. பிறகு எதிரே காலியாகக் கிடந்த மனையின் மரங்களுக்கு மேலே போய்விட்டது.

சோபாவிலிருந்து மனைவி இறங்கினாள். "பரவாயில்லையே! ஒரு கால்கூட ஒடியாம விட்டுட்டீங்களே! இதை அண்ணன்கிட்ட சொல்லணும். உங்களுக்கும் ஒரு காரியம் ஒழுங்கா வரும்னு அவருக்குத் தெரியட்டும்."

கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயால் அவர் வாங்கிய பெரிய பாராட்டு அது. அதை முழுசாக அனுபவிப்பதற்குள் போன் அடித்தது. மச்சான்.

"மாப்ளே, ஜாடி எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு மச்சான்." அதில் பொய் எதுவும் இல்லை.

"கூடு?"

"அதுவும் அப்படியேதான் தொங்குது."

"நிறம் மாறியிருக்கா? கறுத்த மாதிரி?"

கூட்டின் ஓட்டை வழியே உள்ளே இருட்டாகத் தெரிந்தது. "லேசா... கறுப்பாத்தான் தெரியுது."

"அப்ப இன்னிக்கே வந்துடும்! நாளைக்கு வரலாம்னு இருந்தோம். இதோ உடனே கிளம்புறோம், மத்தியானம் அங்க இருப்போம். கண்ணை எடுக்காதீங்க!"

போனை வைத்தபோது மனைவி இடுப்பில் கைவைத்து நின்றாள். "தொலைஞ்சு போச்சுன்னு சொல்லியிருந்தா நாளைக்கு வந்திருப்பாரு. இப்ப இன்னிக்கே வர்றாரு."

"கண்டுபிடிச்சிடலாம்."

"ஊர்ல இருக்கிறவங்களுக்கெல்லாம் கண்ணு சோதிக்கிறீங்க. வீட்டுக்குள்ள இருக்கிற ஒரு பூச்சி உங்க கண்ணுல படல."

தேடினார்கள். வீட்டில் இத்தனை பழுப்பு நிறம் இருப்பது அன்றுதான் தெரிந்தது. சோபா பழுப்பு, கால்மிதி பழுப்பு, அவருடைய காலுறை பழுப்பு. வெயிலுக்குப் பயந்து மனைவி உள்ளே தூக்கிவைத்திருந்த பூந்தொட்டிகளில் ஒவ்வொரு காய்ந்த இலையையும் அவர் உருப்பெருக்கியால் விசாரித்தார். ஓர் இலை அசைந்ததும் மூச்சு நின்றது. அசைந்தது அவர் மூச்சில்தான்.

"சர்க்கரைத் தண்ணி வச்சா அதுவே தேடி வரும்," என்றார்.

நாலைந்து தட்டுகளில் ஊற்றி அறைக்கு அறை வைத்தார். பட்டாம்பூச்சி வரவில்லை. எறும்புகள் வந்தன. சமையலறையிலிருந்து கூடத்துக்கும் கூடத்திலிருந்து படுக்கையறைக்கும் கோடு போட்டதுபோல் வந்தன.

"எறும்பு ஈர இறக்கையத் தின்னுடுமாமே!"

"எறும்பு மருந்து தூவட்டுமா?"

"அது முதல்ல செத்துடும்!"

"கூட்டித் தள்ளட்டுமா?"

"அதையும் சேர்த்துத் தள்ளிடுவீங்க!"

ஆகவே குடும்பத் தலைவர் தரையில் மண்டியிட்டு, ஈரத்துணியால் எறும்புகளை ஒற்றி ஒற்றி எடுத்தார். அப்படி நிமிர்ந்தபோதுதான் சுவர்க் கடிகாரத்துக்குப் பின்னாலிருந்து ஒரு பல்லி எட்டிப் பார்த்தது. அதன் வாயோரத்தில் பழுப்பாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. பல்லி நிதானமாக மென்றது.

"ஐயோ," என்றாள் மனைவி, மிக மெதுவாக.

கண்ணாடிக்கடைக்காரர் துடைப்பத்தோடு பாய்ந்தார். கடிகாரம் விழுந்து உடைந்தது. பல்லி வாலை அவரிடம் கொடுத்துவிட்டு, வாயிலிருந்ததையும் போட்டுவிட்டு அலமாரிக்குப் பின்னால் மறைந்தது. கீழே விழுந்த அந்தப் பழுப்புத் துணுக்கை எடுத்து உருப்பெருக்கியில் பார்த்தார். அது கரப்பான் இறகு. கரப்பானின் இறகைப் பார்த்து ஒரு மனிதன் கண்கலங்கியது அன்று அந்த வீட்டில்தான் நடந்தது.

வெயில் உச்சிக்கு ஏறியது. மனைவி உடைந்த கடிகாரத்தின் அருகே உட்கார்ந்துவிட்டாள். இதுவரை கோபமாக இருந்தவள் குரல் மாறிவிட்டது.

"எனக்குப் பூச்சி முக்கியமில்லீங்க. அண்ணன் மறுபடி வராம போயிட்டாருன்னா..."

அதுதான் அவரை அந்த முடிவுக்குத் தள்ளியது. மாவுச் சல்லடையை எடுத்துக்கொண்டு புறப்பட்டார்.

"எங்க போறீங்க?"

"எதிர்மனையில பழுப்புப் பட்டாம்பூச்சி நிறையத் திரியுது. ஒண்ணைப் பிடிச்சு ஜாடியில விட்டுடுறேன்."

"அண்ணன் பூச்சி பார்த்துப் பார்த்தே நரைச்சவரு!"

"அவருக்குப் பார்வை மங்கல். எனக்குத் தெரியாதா?"

"போன வாரந்தானே நீங்களே புதுக் கண்ணாடி பண்ணிக் கொடுத்தீங்க! எறும்போட மீசைகூடத் தெரியுதுன்னு சொன்னாரே!"

அவர் வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் கைவேலையின் சுத்தத்தை நொந்துகொண்டார். ஆனாலும் போனார். நெருஞ்சி முள்ளில் காலை வைத்து, சட்டைப் பையைக் கிழித்துக்கொண்டு, சல்லடையோடு விழுந்து எழுந்து, ஒன்றைப் பிடித்துவிட்டார். ஓரம் கிழிந்த இறக்கையோடு அது ஜாடிக்குள் போய்க் குச்சியில் உட்கார்ந்தது. மூடியைத் திருகிய அதே நிமிடம் வாசலில் கார் நின்றது.

மச்சான் செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றவில்லை. பின்னாலேயே அண்ணி, அதாவது அவர் மனைவி, கைப்பையோடு வந்தாள். உடைந்த கடிகாரம், எறும்புத் தட்டுகள், ஜன்னலருகே கவிழ்ந்து கிடந்த டம்ளர், அதன் பக்கத்தில் பார்வை அட்டை என்று எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "என்ன, வீட்டுல திருடன் புகுந்துட்டானா?" என்றாள்.

மச்சான் ஜாடியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். புதுக் கண்ணாடி பளபளத்தது. குச்சியில் இருந்த பட்டாம்பூச்சியை அவர் பார்த்ததாகவே தெரியவில்லை. கூட்டைத்தான் பார்த்தார். ஜாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணில் நீர் திரண்டது.

கண்ணாடிக்கடைக்காரருக்கு அதற்குமேல் தாங்கவில்லை.

"மச்சான், மன்னிச்சிடுங்க. காத்தாடட்டும்னு மூடியைத் திறந்தேன். வெளிய வந்தது எங்க போச்சுன்னு தெரியல. உள்ள இருக்கிறது எதிர்மனையில பிடிச்சது. பொய் சொன்னேன். என்னை எவ்வளவு வேணா திட்டுங்க. தங்கச்சியப் பார்க்க வர்றதை மட்டும் நிறுத்திடாதீங்க."

மச்சான் ஜாடியை மேஜைமேல் வைத்துவிட்டு, ஆறு வருடத்தில் முதல்முறையாக மாப்பிள்ளையின் தோளைப் பிடித்தார்.

"பொய் சொன்னது நான் மாப்ளே," என்றார். "தங்கச்சி, நீயும் மன்னிச்சிடு."

கண்ணாடிக்கடைக்காரர் மனைவியைப் பார்த்தார். மனைவி அண்ணியைப் பார்த்தாள். அண்ணி கைப்பையிலிருந்து ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியை எடுத்து, மூடியைக் கழற்றி, சிரித்துக்கொண்டே நீட்டினாள்.

"பட்டாம்பூச்சியா இருந்தா கூடு நெடுக வெடிச்சிருக்கும் தம்பி. இப்படி வட்டமாக் கடிச்சிட்டு வந்தது, உள்ள இருந்த புழுவைத் தின்னு வளர்ந்த குளவி. வருஷா வருஷம் காலிக் கூடுதான் கிடைக்குது, உலகத்துல யாருமே அதை உயிரோட பார்த்ததில்லைன்னு இவரு இத்தனை வருஷமாத் தேடுறதே அதைத்தான், தங்கச்சி பயந்துடுவாளேன்னுதான் சொல்லல. டம்ளரும் அட்டையும் கிடக்கிறதைப் பார்த்தாலே தெரியுது, நீங்க அதைப் பத்திரமாப் பிடிச்சிருக்கீங்கன்னு. எங்க, கொண்டாங்க!"