மேஜர், மைனர், சிலபஸ்

பி.எஸ்ஸி. பிசிக்ஸில் சேர்ந்து, பிசிக்ஸைத் தவிர மற்ற அனைத்தையும் கரைத்துக் குடித்தவன் இந்தப் பூமியில் ஒருவன்தான். திருப்பதியில் எங்கள் ஹாஸ்டலில் அவனுக்குப் பெயர் சிலபஸ். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் இருந்தது. அவன் வகுப்புக்கு வருவதே அபூர்வம் என்பதால் அதை யாரும் கூப்பிட்டுப் பார்த்ததில்லை.

அவன் படித்த ஒரே புத்தகம் பல்கலைக்கழகத்தின் விதிமுறைத் தொகுப்பு. எந்தப் பாடத்துக்கு எத்தனை கிரெடிட், எதை முடித்தால் எதில் சேரலாம், எந்த செமஸ்டரில் எதை விட்டால் பின்னால் எங்கே மாட்டிக்கொள்வோம், எல்லாம் அவனுக்குத் தலைகீழ்ப் பாடம். நியூட்டனின் இரண்டாம் விதி என்ன என்று கேட்டால் மட்டும், "அது எந்த யூனிட்ல வருது?" என்பான்.

நான் அவனை முதலில் பார்த்தது அட்மிஷன் நாளில். நகரியில் பவர்லூம் ஓட்டும் என் நைனா, இருக்கிற சட்டைகளிலேயே நல்லதாக ஒன்றைப் போட்டுக்கொண்டு கூடவே வந்திருந்தார். வராந்தா பெஞ்சில், சட்டைப் பையில் நான்கு நிறப் பேனாக்களோடு ஒருவன் உட்கார்ந்திருந்தான். மடியில் ஸ்பைரல் போட்ட ஜெராக்ஸ் கட்டு. எங்களைப் பார்த்ததும் நிமிர்ந்தான்.

"அங்கிள், உங்க பையனுக்கு மைனர் என்ன?"

"பையன் மைனர் இல்லப்பா. பதினெட்டு முடிஞ்சிட்ச்சி. ஆதார் எடுத்தாந்துக்கீறோம்."

"அந்த மைனர் இல்ல அங்கிள்."

நைனாவுக்கு முகம் மாறிவிட்டது. "வேற எந்த மைனரு? எங்க வூட்ல அந்த மாதிரி திரியறவன் எவனும் கெடையாது. மரியாதையா பேசு."

அவன் அசரவில்லை. மேஜர் என்றால் பிரதானமாகப் படிக்கும் பாடம், மைனர் என்றால் கூடவே எடுக்கும் இரண்டாவது பாடம், அதில் கணக்கு, கெமிஸ்ட்ரி, கம்ப்யூட்டர் என்று எதை வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று கால் மணி நேரம் விளக்கினான். முடிவில் என்னைப் பார்த்து, "நீ கணக்கு எடு. பிசிக்ஸ்ல மேல படிக்கணும்னா கணக்கு இல்லாம உள்ள விட மாட்டாங்க" என்றான்.

நைனா நெகிழ்ந்துபோனார். "இன்னாடா பாத்துக்கினு நிக்கிற? சாருக்கு வணக்கம் சொல்லு."

நானும் கைகூப்பி, "வணக்கம் சார்" என்றேன். அவனும் தலையசைத்து ஏற்றுக்கொண்டான்.

அந்த சார் என்னைவிட ஒரே வருஷம் மூத்தவன், மெக்கானிக்ஸ் பேப்பரில் ஏற்கனவே இரண்டு முறை கவிழ்ந்தவன் என்று அன்று மாலையே ஹாஸ்டலில் தெரிந்தது. அந்த வணக்கத்தை நான் மூன்று வருஷம் மன்னிக்கவில்லை. கணக்கை எடுக்காமல் கம்ப்யூட்டரை எடுத்ததற்கு, அது சுலபம் என்று எல்லோரும் சொன்னது பாதிக் காரணம். அவன் சொன்னதைக் கேட்கக் கூடாது என்பது மீதி.

அவனை லேபில் பார்த்திருக்க வேண்டும். ஊசல் பரிசோதனையில் இருபது அலைவுகளை எண்ணச் சொன்னார்கள். இவன் ஏழாவதில் நிறுத்திவிட்டு, இந்த லேபுக்கு ஒரு கிரெடிட் போதுமா என்று பக்கத்து மேஜைக்காரனிடம் வாதாடத் தொடங்கினான். வாதம் முடிவதற்குள் ஊசல் தானாகவே நின்றுவிட்டது. ரெக்கார்டில் இருபதுக்கும் எழுதி வைத்தான். இன்னொரு நாள் கால்வனாமீட்டரை நேராக பேட்டரியில் சொருகினான். முள் ஒரு துள்ளு துள்ளி ஓரத்தில் போய் வளைந்துகொண்டது. லேப் அட்டெண்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். சிலபஸ் அமைதியாக, "அண்ணா, இது எங்க செமஸ்டர் எக்ஸ்பெரிமென்ட்டே இல்ல. கொடுத்தது உங்க தப்பு" என்றான்.

மெஸ்ஸில் அவன் எதிரில் உட்கார்ந்தால் சாப்பிட்ட மாதிரிதான். "ஆப்டிக்ஸ் விட்டுட்டு எலக்ட்ரானிக்ஸ் எடுத்தியா? ஐயோ!" என்று அவன் போடும் சத்தத்தில் வாயில் வைத்த தோசை இறங்காது. "துன்ன வுட்றியா?" என்று எத்தனையோ பேர் தட்டோடு எழுந்து போயிருக்கிறார்கள். பொறுக்க முடியாமல் நானும் என் அறை நண்பனும் ஓர் அட்டையில், 'இங்கு மேஜர் மைனர் ஜாதகம் பார்க்கப்படும்' என்று எழுதி அவன் கதவில் மாட்டினோம். அவன் கோபப்படுவான் என்று மூலையில் நின்று காத்திருந்தோம். வந்தான், படித்தான், சிவப்புப் பேனாவை எடுத்து ஓர் ஒற்றெழுத்துப் பிழையைத் திருத்தினான், உள்ளே போய்விட்டான். அட்டை அந்த வருஷம் முழுக்கத் தொங்கியது. கீழே செருப்புகள் மட்டும் நாளுக்கு நாள் பெருகின.

கடைசி வருஷம் எனக்கு எம்.எஸ்ஸி. ஆசை வந்தது. விண்ணப்பத்தைத் திறந்தேன். டிகிரியில் இத்தனை கணக்குப் பேப்பர் படித்திருக்க வேண்டும் என்று முதல் பக்கத்திலேயே போட்டிருந்தது. என்னிடம் ஒன்றுகூட இல்லை. நைனா தெருவெல்லாம், "பையன் அடுத்து எம்மெஸ்ஸி" என்று சொல்லிவிட்டிருந்தார். இரண்டு நாள் அவருடைய போனை எடுக்காமல் இருந்தேன். மூன்றாம் நாள் மதியம், அரியர் முடியாமல் இன்னும் ஹாஸ்டலிலேயே இருந்த சிலபஸின் அறை வாசலில் நானும் செருப்பைக் கழற்றினேன்.

'அன்னிக்கே சொன்னேனே' என்பான் என்று எதிர்பார்த்தேன். அவன் ஜெராக்ஸ் கட்டைப் புரட்டி ஒரு வரியில் விரலை வைத்தான்.

"அரியர் இல்லாதவன் கடைசி வருஷத்துல கூடுதலா வேற துறைப் பேப்பர் எடுக்கலாம். நாலு கணக்குப் பேப்பர். போதும் உனக்கு. எச்.ஓ.டி. கையெழுத்து வேணும். ஃபார்மை இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள அப்லோட் பண்ணணும்."

துறைக்கு ஓடினோம். எச்.ஓ.டி. மேடம் மகளைப் பார்க்கச் சென்னைக்குக் கிளம்பி, ரேணிகுண்டா ஸ்டேஷனுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். "வா" என்று சிலபஸ் பஸ்ஸை நோக்கி நடந்தான். "நான் போய்க்கிறேன்டா" என்றேன். "நீ போனா வணக்கம் சொல்லிட்டுத் திரும்பி வருவ" என்றான்.

நல்லவேளை, ரயில் வழக்கம்போல் தாமதம். மேடம் பிளாட்பாரத்தில் பெட்டி மேல் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். எங்களைக் கண்டதும், "ஏமி பாபு, இக்கட கூடா ரூல்ஸா?" என்றார். இங்கேயுமா ரூல்ஸ் என்று அர்த்தம். சிலபஸ் நின்றபடியே அந்த விதியைத் தெலுங்கில் ஒப்பித்தான். இரண்டாவது உட்பிரிவை மேடம் நம்பவில்லை. அவன் பக்கத்தைத் திறந்து காட்டினான். அவர் கண்ணாடி போட்டுப் படித்தார், சிரித்தார், பெட்டி மேலேயே ஃபார்மை வைத்துக் கையெழுத்துப் போட்டார். அங்கேயே போட்டோ எடுத்து அப்லோட் செய்தேன். மணி நாலரை.

திரும்பும் பஸ்ஸில் டிக்கெட் எடுக்க அவன் சட்டைப் பையில் கையை விட்டபோது, பேனாக்களோடு மடித்த தாள் ஒன்று கீழே விழுந்தது. எடுத்துப் பார்த்தேன். மெக்கானிக்ஸ் மறுதேர்வுக்கான அவனுடைய ஃபார்ம். நிரப்பி, கையெழுத்தும் போட்டிருந்தது. கவுண்டரில் நேரில் கொடுக்கக் கடைசி நாள் இன்று. நேரம் நாலு மணி வரை.

"டேய், இன்னாடா இது? ஏன்டா சொல்லல?"

"சொன்னா நீ வந்திருக்க மாட்ட."

"உன் பேப்பர் போச்சேடா!"

"உனக்கு இன்னிக்கு ஒரு நாள்தான். எனக்கு மெக்கானிக்ஸ் வருஷத்துக்கு ரெண்டு வாட்டி வரும்" என்று சொல்லிவிட்டு, ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனான், மடையன். எனக்கு ஊர் வரும்வரை தூக்கம் வரவில்லை.

எம்.எஸ்ஸி. முடித்து, இப்போது நானும் ஒரு கல்லூரியில் பிசிக்ஸ் எடுக்கிறேன். அவன் சித்தூர் பஸ் ஸ்டாண்டு அருகில் ஒரு நெட் சென்டரில் உட்கார்ந்து, அட்மிஷன் ஃபார்ம் நிரப்ப வருகிறவர்களையெல்லாம் திட்டிக்கொண்டிருக்கிறான். கூட்டம் குறைந்தபாடில்லை.

என் தங்கை இந்த வருஷம் இன்டர், அதாவது பிளஸ் டூ, முடித்தாள். பிசிக்ஸ்தான் வேண்டுமாம். "சித்தூருக்குப் போய் அவனைக் கேட்டு வரலாம்" என்றேன். "அண்ணா, நீயே லெக்சரர். உனக்குத் தெரியாததா அவருக்குத் தெரியும்?" என்றாள்.

தெரியும் என்றேன். ஞாயிற்றுக்கிழமை அழைத்துக்கொண்டு போகிறேன். எந்தப் பாடத்தை எடுப்பது என்று அவளுக்கு நானே சொல்லிவிடலாம்தான். ஆனால் அவனைப் பார்த்து எட்டு மாதமாகிறது.