திறக்காத சாலையில் சம்பந்தியம்மா

மண்ணூர்பேட்டை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புத் தம்பி பரந்தாமனுக்கு,

உன் அக்கா ஜெகதாம்பாள் நிறைந்த ஆசிகளோடு எழுதுவது. இங்கே நானும் உன் மாமாவும் சுகம். ஆவடியில் நீயும் உன் மனைவி கவிப்பிரியாவும் உன் முழங்காலும் சுகமாக இருக்க மாங்காடு அம்மனை வேண்டிக்கொள்கிறேன். இந்த வாட்ஸ்அப் காலத்தில் அக்கா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். போனில் சொன்னால் நீ நடுவில் புகுந்து பேசுவாய். கடிதத்தில் கடைசி வரை நான் மட்டும்தான் பேசுவேன். ஆகவே உட்கார்ந்து முழுசாகப் படி.

நம் வெற்றிச்செல்வனின் மாமியார், பிரான்சு தேசத்துச் சம்பந்தியம்மா மிரேய், பதினைந்து நாள் தங்க வருகிறார் என்றதும் நீ என்ன சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? "யக்கா, ஏர்போர்ட்லேருந்து நேரா ஏசி கார்ல மகாபலிபுரம் இட்டுகினு போயிடு. நம்ம ஊரு ரோட்ட மட்டும் கண்ல காட்டாத. மானம் போயிடும்" என்றாய். கவிப்பிரியா வேறு சிரித்தாள். ஆனால் எனக்கு அது முடியாத காரியம். ஏனென்றால் போன வருஷம் நானும் மாமாவும் பையன் வீட்டுக்குப் போயிருந்தபோது நான் வாயை விட்டுவிட்டு வந்திருந்தேன்.

அந்தம்மா இருப்பது துலூஸ் நகரத்துக்குத் தெற்கே ஒரு சின்ன கிராமம். அறுபத்து மூன்று வயதில் தினமும் சைக்கிள். நான் அந்தக் காலத்தில் தொழிற்பேட்டை எஸ்டேட்டில் எக்ஸ்போர்ட் கம்பெனிக்குச் சைக்கிளில் போனவள் என்று மகன் சொல்லிவிட, எனக்கும் ஒன்றைக் கொடுத்து, பேச்சுக்கு மகனையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு போனார். தம்பி, அந்த மாதிரி ரோட்டை நீ பார்த்திருக்க மாட்டாய். ஒரு பக்கம் திராட்சைத் தோட்டம், ஒரு பக்கம் சூரியகாந்தி, தார் ரோட்டின் நடுவிலேயே புல் முளைத்திருக்கிறது. ஹாரன் இல்லை, புகை இல்லை, மனுஷரே இல்லை. எனக்குப் பயமாகிவிட்டது, ஊரில் ஏதாவது சாவு விழுந்து எல்லாரும் போய்விட்டார்களோ என்று. ஒரு மணி நேரம் கழித்து எதிரில் ஒரு டிராக்டர் வந்தது. நான் பழக்க தோஷத்தில் சைக்கிளோடு பள்ளத்தில் இறங்கிவிட்டேன். அவன் டிராக்டரை நிறுத்தி, இறங்கி வந்து, என்னைத் தூக்கிவிட்டு, மன்னிப்பும் கேட்டுவிட்டுப் போனான். அப்போது அந்தம்மா, உங்கள் ஊரில் இப்படிப்பட்ட பாதை உண்டா என்று மகன் மூலமாகக் கேட்டார். முழங்காலெல்லாம் மண். ரோஷம் வந்துவிட்டது. "இருக்காம பின்ன? இதவிடப் பெருசா இருக்குதுன்னு சொல்லுடா" என்றேன். அந்தப் பாவி அதை அப்படியே பிரெஞ்சில் சொல்லிவிட்டான்.

அதை நம்பித்தான் வந்தார். மருமகள் எலோடிக்கு லீவு கிடைக்காததால் தனியாகவே வந்தார். தெரிந்த தமிழ் இரண்டு வார்த்தை: வாங்க, போதும். பெட்டியைத் திறந்தால் ஹெல்மெட், கையுறை, தொடையோடு ஒட்டிய கால்சட்டை. கோயில் வேண்டாம், பட்டுப்புடவை வேண்டாம், மகாபலிபுரமும் வேண்டாம். சைக்கிள் மாதிரி காலைச் சுற்றிக் காட்டி என்னைப் பார்த்துச் சிரித்தார். நம் தெருமுனை சைக்கிள் கடை சுலைமான் பாயிடம் ஓடி, இரண்டு நல்ல சைக்கிளும் வண்டி போகாத ஒரு ரோடும் வேண்டும் என்றேன். "சைக்கிள் தர்றேங்க்கா. ஆனா வண்டி போவாத ரோடா? வண்டி போவலன்னா அதுக்குப் பேரு ரோடு இல்லக்கா, காலி பிளாட்டு" என்றார். உன் மாமா நாகப்பன் பங்குக்கு, "நம்ம ஹால்லயே சுத்தச் சொல்லு, லாரி வராது" என்றார். அந்த மனுஷனோடு நான் எப்படிக் காலம் தள்ளினேன் என்று உனக்கே தெரியும்.

முதல் நாள் விடிகாலையில் எஸ்டேட் பக்கம் போனோம், கூட்டம் இருக்காது என்று நினைத்து. காலை ஷிப்ட் என்று ஒன்று இருப்பதை மறந்துபோனேன். கம்பெனி பஸ்ஸெல்லாம் வரிசையாக வந்து எங்களை ஓரம் கட்டின. ஒரு ஷேர் ஆட்டோக்காரர், பாவம் வெள்ளைக்காரம்மா மிதிக்கிறதே என்று பக்கத்திலேயே உருட்டிக்கொண்டு, "மேடம், எங்க போவணும்? ஏறிக்கோ, சைக்கிள மேல போட்டுக்கலாம்" என்று விடாமல் கூடவே வந்தார். அந்தம்மா "போதும், போதும்" என்றார். போதும் என்றால் சீட்டு ஒன்றே போதும் என்கிறார் என நினைத்து ஆட்டோக்காரர் ஆளையே ஏற்றப் பார்த்தார். இரண்டாவது தடவை நூம்பலுக்குப் போனோம். ரோடு அமைதியாகத்தான் இருந்தது, ஆனால் போகப் போக மெலிந்துகொண்டே போய் ஒரு வீட்டு மாட்டுக் கொட்டகையில் முடிந்துவிட்டது. அந்த வீட்டு அம்மாள் மோர் கொடுத்தாள். குடித்துவிட்டு வந்த வழியே திரும்பினோம். அன்று சாயங்காலம் சம்பந்தியம்மா ஹெல்மெட்டைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்ததைப் பார்த்தேன். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை. பொய் சொல்லி ஒருத்தரை இவ்வளவு தூரம் வரவழைத்துவிட்டோமே என்று மறுபடி சுலைமான் பாயிடம் ஓடினேன்.

இன்று காலை கடைசி முயற்சி. திருமழிசைப் பக்கம் வயல் இருக்கிறது என்று சுலைமான் பாய் தன் குட்டியானை லோடு வண்டியில் சைக்கிள்களை ஏற்றி எங்களையும் அழைத்துப் போனார். ஹைவேயில் வண்டி நகரவே இல்லை. கோபத்தில் அவர் எங்கேயோ ஒரு சந்தில் ஒடித்து, இன்னொரு சந்தில் திரும்பி, பிரேக் போட்டார். எதிரில் கான்கிரீட் கட்டைகள், ஒரு பலகை, ஒரு நாற்காலி, அதில் ஒரு காவல்காரர். அவருக்குப் பின்னால் தம்பி, நாலு வழி ரோடு! வெள்ளைக்கோடு காயாத புது ரோடு, கண்ணுக்கு எட்டிய வரை ஈ காக்கை இல்லை. இரண்டு பக்கமும் வயல், ஏரித் தண்ணீர், கொக்கு.

காவல்காரர் பச்சையப்பன் எழுந்து வந்தார். "இன்னாம்மா, எங்க? வண்டி எதுவும் உள்ள உடக் கூடாது. இன்னிக்கித்தான் தொறப்பு விழா. பெரியவரு வந்து அந்தாண்ட ரிப்பன் வெட்டுனாத்தான் ரோடு."

"இது சைக்கிள்தானேப்பா?" என்றேன்.

"சைக்கிளும் வண்டிதாம்மா. ஓட்டிகினு போவக் கூடாது."

சம்பந்தியம்மாவுக்கு என்ன புரிந்ததோ, சைக்கிளைத் தோளில் தூக்கினார், கட்டையைத் தாண்டினார், அந்தப் பக்கம் போய் நின்றார். பச்சையப்பன் தலையைச் சொறிந்தார். "தூக்கிகினு போறாங்களே! தூக்கிகினு போறவங்கள இன்னா பண்றதுன்னு எனக்கு யாரும் சொல்லலியே!" என்றவர், என்னைப் பார்த்து, "நீ இன்னா நிக்கிற? தூக்க முடியாதா? குடு இப்டி" என்று என் சைக்கிளைத் தானே தூக்கி அந்தப் பக்கம் வைத்தார்.

ஓட்டினோம் தம்பி! நாலு வழியிலும் ஓட்டினோம். கோணலாக ஓட்டினோம், பக்கத்துப் பக்கத்தில் ஓட்டினோம், நான் ஒரு கையை விட்டுக்கூட ஓட்டினேன். கொக்கு பறக்கிற சத்தம் காதில் விழுகிறது, நம்ம திருமழிசையில்! சம்பந்தியம்மா கைகளை விரித்து, டிராக்டர் ஓட்டுகிற மாதிரி காட்டி, இல்லை என்று விரலை ஆட்டிச் சிரித்தார். அங்கே ஒரு டிராக்டராவது வந்தது, இங்கே அதுவும் இல்லை என்கிறார்! அந்தச் சிரிப்புக்கு என் வளையலைக் கழற்றிக் கொடுத்திருப்பேன்.

அந்தக் கோடியில் பந்தல், மேளம், கூட்டம். பெரியவர் வர இரண்டு மணி நேரம் தாமதமாம். சும்மா உட்கார்ந்திருந்த ஜனம், புது ரோட்டில் வெள்ளைக்காரம்மா வருவதைப் பார்த்ததும் எழுந்துவிட்டது. யாரோ "வெளிநாட்டு விருந்தாளி வந்துட்டாங்கப்பா!" என்று கத்த, மேளம் முழங்க, எங்கள் இருவர் கழுத்திலும் மாலை விழுந்தது. அந்தம்மா கையில் மைக். அவர் உருக்கமாக, கண்கலங்கப் பிரெஞ்சில் பேசினார். எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். "இந்த மாதிரி ரோடு எங்க தேசத்துலயே இல்லன்னு சொல்றாங்க!" என்றேன். விசில் பறந்தது. யாரோ எடுத்த வீடியோ மத்தியானத்துக்குள் பிரான்சு போய்ச் சேர்ந்துவிட்டது. வெற்றி போன் செய்து சிரித்துச் சிரித்து மூச்சுத் திணறினான். "அம்மா, அவங்க என்ன சொன்னாங்க தெரியுமா? 'இவ்வளவு அழகான பாதை. கும்பிட்டுக் கேக்குறேன், இதைத் திறந்துடாதீங்க'ன்னாங்க." அதனால் என்ன? பிடித்திருக்கிறது என்பதைத்தானே இரண்டு பேரும் சொன்னோம்!

ஆக, நம்ம ஊர் ரோட்டைக் காட்டினேன், மானம் ஏறித்தான் இருக்கிறது. இதைக் கவிப்பிரியாவுக்குச் சத்தமாக, நிறுத்தி நிறுத்திப் படித்துக் காட்டு. நீங்கள் இருவரும் பேரும் பெருமையுமாக வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா
ஜெகதாம்பாள்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் விஷயம் மாறிவிட்டது. இரண்டு மணி நேரம் என்றவர் சாயங்காலம்தான் ஒருவழியாக வந்து ரிப்பனை வெட்டிவிட்டார். இப்போது அங்கே லாரிகள்தான் நாலு வழியிலும் ஓடுகின்றனவாம். சம்பந்தியம்மாவோ தன் ஊர் சைக்கிள் சங்கத்துக்கே போட்டோ அனுப்பிவிட்டார். மொத்த சங்கமும் அடுத்த மாதம் வருகிறது, நம் வீட்டில்தான் தங்கல். தம்பி, நீ ரொம்ப நல்லவன். ஆவடிப் பக்கம் போட்டு முடித்து இன்னும் திறக்காத ரோடு ஏதாவது இருந்தால் அக்காவுக்கு உடனே போன் பண்ணு. நடுவில் எவ்வளவு வேண்டுமானாலும் பேசிக்கொள்.